பேரு ஒருத்தருக்கு, பாடு நாலு பேருக்கு



"சாதனைக்குக் காரணம் தனிமனிதத் திறமையா, கூட்டு உழைப்பா?" எனக்கு முன்னால பேசின எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டாங்க. இங்கிலாந்தின் 'குவீன்' இசைக்குழு 1975-ல் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' பாட்டைச் சொல்லி, "எழுதியவர் ஃப்ரெடி மெர்குரி. ஒரே பேரு!"ன்னாங்க. ஐயா, அவங்க இசைத்தட்டோட உறையைப் படிச்சிருக்காங்க. உள்ளே என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன்.

ஃப்ரெடி மெர்குரி மேதைதான். மறுக்கலே. சான்சிபாரில் பிறந்த பார்சி பிள்ளை, நம்ம மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில போர்டிங் ஸ்கூல்ல படிச்சவர். பாட்டு முழுசும் அவர் மனசுக்குள்ள இருந்தது. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கருக்கு வீட்டுல பியானோவுல கொஞ்சம் வாசிச்சுக் காட்டி, நடுவுல நிறுத்தி, "இங்கே ஆப்பரா வரும்"னு சொன்னாராம். சொல்லிட்டார். சொன்னா போதுமா ஐயா? "இந்த இடத்துல மாடி வரும்"னு விரலைக் காட்டினா மாடி வந்துடுமா? கொத்தனார் வேண்டாமா? (சிரிப்பு)

அந்த மாடியை எப்படிக் கட்டினாங்க தெரியுமா? 1975 ஆகஸ்டுல வேல்ஸ் நாட்டுல ராக்ஃபீல்டுன்னு ஒரு ஸ்டுடியோ. பண்ணை வீட்டுல இருக்கிற ஸ்டுடியோ. பியானோ, பாஸ் கிட்டார், டிரம்ஸ் மூணையும் முதல்ல பதிஞ்சாங்க. ஆப்பரா வர்ற இடத்தைக் காலியா விட்டாங்க. அப்புறம்தான் குரல். கேட்டா ஒரு ஊரே பாடுற மாதிரி இருக்கும். பாடினது மூணே பேர்! கீழ்க்குரலுக்கு பிரையன் மே, நடுவுல மெர்குரி, உச்சத்துக்கு டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பப் பாடுறாங்க.

இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல எத்தனை குரலை வேணுமானாலும் அடுக்கலாம். அன்னிக்கு டேப்புல 24 தடம்தான். நிறைஞ்சு போனா, பல தடத்துல இருக்கிற குரல்களைச் சேர்த்து ஒரே தடத்துக்கு மாத்தணும். காலியான தடத்துல மறுபடி பாடணும். இப்படியே நூத்துக்கு மேற்பட்ட பதிவு. டேப்புங்கிறது என்ன? பிளாஸ்டிக் நாடா மேல பூசின இரும்புத்துகள். ஓட ஓட அந்தப் பூச்சு தேய்ஞ்சு, வெளிச்சத்துல பிடிச்சா இந்தப் பக்கத்திலேருந்து அந்தப் பக்கம் தெரிஞ்சதாம்! (கைதட்டல்) தேய்ஞ்சது டேப்பு மட்டுமா? மூணு பேர் தொண்டையும்தான்.

நடுவுல வர்ற கிட்டார் தனி வாசிப்பு பிரையன் மே அமைச்சது. அந்தக் கிட்டாரே அவரும் அப்பாவும் வீட்டுல செஞ்சது. கழுத்துப் பகுதிக்கு, பழைய கணப்படுப்போட மரம்! எந்தக் கடையிலயும் அந்தச் சத்தத்தை வாங்க முடியாது.

பாட்டு ஐந்து நிமிஷம் ஐம்பத்தைந்து வினாடி. வானொலிக்கு ரொம்ப நீளம்னு கம்பெனி முணுமுணுத்தது. கென்னி எவரெட்னு ஒரு அறிவிப்பாளர் ரெண்டே நாள்ல 14 தடவை போட்டுட்டார். ஒன்பது வாரம் இங்கிலாந்துல முதலிடம்.

இப்ப காசுக்கு வருவோம். இசைத்தட்டுல ஒரு பாட்டை எழுதினதுக்கான உரிமைத்தொகை, உறையில எழுதினவர்னு பேர் இருக்கிறவருக்குத்தான். கிட்டாருக்குக் கிடையாது, பாஸ் வாசிச்ச ஜான் டீக்கனுக்குக் கிடையாது. ஆனா தட்டோட மறுபக்கம், ஒருத்தர் தன் கார் மேல வெச்ச காதலைப் பத்தி ரோஜர் டெய்லர் எழுதின பாட்டு. தட்டு வித்தா ரெண்டு பக்கமும் வித்த மாதிரிதானே? எல்லாரும் இந்தப் பாட்டுக்காக வாங்கினாங்க, கார் பாட்டுக்கும் சரிபாதி போச்சு! (பலத்த சிரிப்பு) சிரிக்கிறோம். உள்ளே மனத்தாங்கல் வளர்ந்தது ஐயா. கூட உழைச்சவனுக்குக் காசை விடப் பேர் இல்லைங்கிறதுதான் வலிக்கும்.

அந்த வலி தெரிஞ்சு அவங்களே ஒரு முடிவு எடுத்தாங்க. 1989-ல் வந்த 'தி மிராக்கிள்' ஆல்பத்துல எந்தப் பாட்டை யார் எழுதியிருந்தாலும் பேர் 'குவீன்'தான். மெர்குரி அப்ப உயிரோட இருக்கார், அவரும் சம்மதிச்சுத்தான். எதிரணிச் சகோதரி அந்த உறையையும் ஒரு தடவை எடுத்துப் படிக்கணும்னு கேட்டுக்கிறேன்.