எலுமிச்சம்பழம் சொன்ன தீர்ப்பு

நடுவர் அவர்களே! "ஒத்த குணம் இருந்தால்தான் இல்லறம் இனிக்கும்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். அவரை ஒரு சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப் போகிறேன். வாருங்கள்!

அமெரிக்காவிலே, தென் கரோலினாவிலே, சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு தம்பதி எனக்கு விருந்து வைத்தார்கள். அந்தக் கரையோர மக்களின் பழைய காலை உணவு, 'இறாலும் கிரிட்ஸும்'. கிரிட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை. மக்காச்சோள நொய்க் கஞ்சி! வட கரோலினாவில் பில் நீல் என்பவர் சமைத்த இந்த உணவைப் பற்றி 1985-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதன்பிறகு பெரிய ஓட்டல்களுக்கும் போய்விட்டது. கஞ்சியிலே வெண்ணெய், சீஸ். அதன்மேல் பன்றிக்கொழுப்பிலே வதக்கிய இறால்.

இதற்கு எந்த ஒயின்? அங்கேதான் சண்டை! கணவர் சார்டனே பாட்டிலைத் தூக்கினார். "ஓக் பீப்பாயிலே ஊறினது, வெண்ணெய் மணம் வரும். வெண்ணெய்க்கு வெண்ணெய்தானே பொருத்தம்?" எதிரணி! (சிரிப்பு) அந்த அம்மா விடவில்லை. "சாவின்யோன் பிளாங்க் எடுங்க. அதிலேதான் புளிப்பு இருக்கு!" நம்ம கட்சி! (கைதட்டல்)

எனக்கோ அந்தப் பழக்கம் கிடையாது. நாலு கரண்டி சாப்பிட்டேன். நாக்கிலே நெய் பூசின மாதிரி திகட்டிப் போச்சு. "ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கம்மா" என்றேன். பிழிந்தேன். எச்சில் ஊறியது, கொழுப்பின் கனம் குறைந்தது, அமுங்கிக் கிடந்த இறாலின் இனிப்பு மேலே வந்தது! புளிப்பான ஒயின் செய்கிற வேலையும் இதுதான்.

"அப்படியானால் எந்த வேற்றுமையும் பொருந்துமா?" என்று கேட்பீர்கள். பொருந்தாது ஐயா! சிவப்பு ஒயினும் வேறு குணம்தான். ஆனால் அதன் துவர்ப்பு கடல் உணவோடு சேர்ந்தால் கசக்கும். ஒயினிலுள்ள இரும்புச்சத்தே மீன்வாடையைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே இறாலில் காரம் தூக்கலா? லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அதைத் தணிக்கும்.

ஆக, ஒன்றிடம் இல்லாததை இன்னொன்று தர வேண்டும். அதுதான் பொருத்தம்! அந்தத் தம்பதிக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். இன்றுவரை ஒரு பாட்டிலில்கூட ஒத்துப்போனதில்லையாம். ஆனால் அன்றைக்கு அவர் என் தட்டைப் பார்த்தார், தன் சார்டனேயைத் தள்ளி வைத்தார், மனைவியின் கிளாஸுக்குக் கை நீட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தாங்க.

குணம் வேறு என்பதற்காக யாரும் பிரிந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு எலுமிச்சம்பழம் அதுவாகவும் இருக்கலாம்! (பலத்த கைதட்டல்)