கொல்லைக் காவலும் துப்பாக்கி உரிமமும்



நினைவுரைக்கு அழைத்தபோது இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன், "நம்ம தெருவில் நடப்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் தெருவில் நடப்பது இதுதான்.

தென்காசியிலிருந்து மேற்கே போனால் பண்பொழி, வடகரை, மேக்கரை. அதற்கு மேல் மலை. கார் சாகுபடியானாலும் பிசானமானாலும் கதிர் பால் பிடிக்கும் நாளில் பன்றி இறங்கிவிடும். தென்னங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னும். வாழையைச் சாய்க்கும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் அரை ஏக்கர் நெல் உழுது போட்டதுபோல் ஆகிவிடும்.

என் தாத்தா ஒரு பண்ணையில் இராக்காவல் இருந்தவர். பரணில் படுக்கை. கையில் ஒரு தகர டின், ஒரு கம்பு, பின்னாளில் ஒரு டார்ச் லைட். பண்ணை வீட்டில் மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கியது. அது கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் முதலாளியின் தோளில் தொங்கும். பன்றி வரும் நேரத்தில் அது வீட்டுச் சுவரில் இருக்கும், தாத்தா பரணில் இருப்பார். காவல் ஒருவருக்கு, உரிமம் ஒருவருக்கு. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதுதான் என் பேச்சு.

1878-இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று ஆக்கியது. அதன் இடத்தில் வந்ததுதான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கியையும் தரலாம். சட்டத்தில் சாதி இல்லை. ஆனால் பயிரைக் காட்ட நிலம் வேண்டும், நிலத்தைக் காட்டப் பட்டா வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892-இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது இந்த அரங்குக்குத் தெரியும். நிலம் போன வழியிலேதான் உரிமமும் போயிருக்கிறது.

இலக்கியத்துக்கும் கொஞ்சம் வருகிறேன். நம் மண்ணின் நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி. அதில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். அவனுடைய தொழில், அவனுடைய பேச்சு, அவன் சிங்கியைத் தேடி அலைவது, இதெல்லாம்தான் அந்த நூலுக்கு உயிர். பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் குறவஞ்சிமேடு என்று நன்செய் நிலம் கொடுத்தார். கவிராயருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சிங்கனுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்கிறேன். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர் குழுக்கள் பலவற்றின் மேல் பாய்ந்தது. மேடையில் வேடன், காவல் நிலையத்தில் குற்றவாளி.

இனி வனவுயிர்ச் சட்டம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் கையிலிருக்கும் கருவியைப் பார்க்கும். வனவுயிர்ச் சட்டம் செத்துக் கிடக்கும் விலங்கைப் பார்க்கும். நம் பையன்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். "ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே அண்ணே" என்பான். சிறிய ஏர் கன்னுக்கு வேண்டாம்தான். அதை வைத்து ஒரு முயலைச் சுட்டால் குற்றம் குற்றம்தான். 1972-இல் வந்த சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது உரிமம் பெற்று ஆடும் வேட்டையும் முடிந்துபோனது. 2022 திருத்தத்தில் அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை உயர்ந்தது. மூன்று ஆண்டு வரை சிறை. சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு. 2015-இலிருந்து குற்றாலம், கடையநல்லூர், சிவகிரிப் பக்கத்துக் காடுகள் நெல்லை வனவுயிரினச் சரணாலயம் என்பதை மறக்க வேண்டாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்கூட பளியர் போன்ற பழங்குடிகளுக்குத் தேன், கிழங்கு, விறகு எல்லாம் கொடுத்துவிட்டு, வேட்டை உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது.

யூடியூபில் வெளிநாட்டுக்காரன் 'பாயிண்ட் டூ டூ' ரைபிளால் பன்றி சுடுவதைப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தோட்டாவின் எடை மூன்று கிராம்கூட இல்லை. முயலுக்கும் காடைக்கும் போதும். வளர்ந்த பன்றியின் தோள்பட்டைத் தோலும் கொழுப்பும் அதற்குக் கனமானவை. பன்றி விழாது, காயத்தோடு ஓடும். மறுநாள் காலையில் விறகுக்குப் போகும் நம் அம்மாமீது அந்த வலியைக் காட்டும். குறி தப்பினால் தோட்டா ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். நம் வயலுக்கு அடுத்தது தெரு, தெருவுக்கு அடுத்தது பள்ளிக்கூடம். துப்பாக்கியைக் கையில் எடுப்பதுதான் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை.

துப்பாக்கி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரம். பழத்துக்குள் அவுட்டுக்காய். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. நாடே பேசியது, பேச வேண்டியதுதான். என் பெரியப்பா மகன் செத்ததை யாரும் பேசவில்லை. காவலுக்குப் போனவன், தண்ணீர் திருப்ப வரப்பில் இறங்கினான். பக்கத்து நிலத்து வேலியில் மின்சாரம் இருந்தது. விடிந்து நாங்கள் போகும்போது கம்பியைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். பாம்பு கடித்திருக்கும் என்றார்கள். அவன் உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. பெரியம்மா அந்தக் கையை விரித்து வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். கொஞ்சம் பணம் பேசி முடித்தார்கள். நானும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது, வாய் திறக்கவில்லை. இன்றைக்கு இங்கே திறக்கிறேன்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால் வனத்துறை சுடலாம். காட்டை அழிக்காத அக்கறை இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலையடிவாரத்து வயல் முதல் வட்டத்துக்குள்தானே கிடக்கிறது? அங்கே காவல் இருப்பவனுக்கு ஆணை வந்த பிறகும் அதே டின், அதே டார்ச். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே உரிமத் துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட அனுமதி தரலாம். சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைக்க வேண்டும். சுடுகிறவருக்குப் பெயர் கிடைக்கும். குழி வெட்டுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன கேட்பது? ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்டபின் 1978-இல் செங்கல்பட்டுப் பக்கம் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கொன்று விற்ற கை, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி விடும் கையானது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்தக் கைதான் ஆதாரம். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வேட்டை அறிவு குற்றமாகவே முடிய வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

பன்றி எந்தத் தடத்தில் இறங்கும், எந்தக் காற்றுக்கு நிற்கும் என்று என் தாத்தாவுக்குத் தெரியும். அந்த அறிவு உள்ளவர்களை ஊர்க் காவல் குழுவாக, மாதச் சம்பளத்தோடு, காப்பீட்டோடு அரசு நியமிக்க வேண்டும். பயிர் இழப்பீட்டுக்குப் பட்டா கேட்பதை விட்டு, வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவரின் பெயரில் கொடுக்க வேண்டும். மின்வேலியில் மனிதர் செத்தால் நில உரிமையாளர்மீது வழக்குப் பதிய வேண்டும். செத்தவர் நம்மவர் என்றால் வன்கொடுமைச் சட்டம் பொருந்துமா என்றும் விசாரிக்க வேண்டும். இது மூன்றும் துப்பாக்கியைவிடக் கடினமான கோரிக்கைகள். துப்பாக்கி உரிமம் ஓர் ஆளுக்குக் கிடைக்கும், இவை தெருவுக்கே கிடைக்கும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரில் இராக்காவலில் செத்தவர்களின் பெயர், நாள், சொல்லப்பட்ட காரணம், இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும். பாம்பு கடித்ததாகச் சொல்லப்பட்டவர்களின் உள்ளங்கை எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

அண்ணன் இருந்திருந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் படித்திருப்பார்.