பள்ளித் தோழர்களைத் தேடி

(ஆலயத் திருவிழாவின் ஆறாம் நாள் இரவு, உபயகாரர்கள் சார்பில் ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூசை நிறைவுற்று, பந்திக்கு இலை போடுவதற்கு முன்னர் கால் மணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசிப் பழகியவனுக்குக் கால் மணி நேரம் போதாது என்பதை அவர் அறிவார். சமையற்கட்டிலிருந்து சாம்பார் மணம் வரத் தொடங்கியதும் நானே நிறுத்திக்கொள்வேன்.

இவ்வாண்டுத் திருவிழா அறிக்கையைக் கண்ட சிலர், ஆறாம் நாள் உபயத்தின்கீழ் இருந்த வரியைச் சுட்டிக்காட்டி என்னிடம் வினவினர். முன்பெல்லாம் அவ்விடத்தில் "1981-ஆம் ஆண்டு ஐந்தாம் படிவ முன்னாள் மாணவர்கள்" என்று அச்சிடப்பட்டிருக்கும். இப்பொழுது "1976-ஆம் ஆண்டு புகுமுக வகுப்பு மாணவர்கள்" என்று மாற்றப்பட்டுள்ளது. அச்சுப் பிழையோ என்று கேட்டவர்களும் உண்டு. பிழையன்று. அந்த மாற்றத்திற்கான காரணத்தைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

இளைஞர்கள் பொருட்டுச் சற்று விளக்கிக் கூறவேண்டும். 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய மலாய்மொழி மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1976-இல் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தை எட்டியது. அந்த ஆண்டிலேதான் நாங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்துப் பள்ளிக்கு வந்தோம். அக்காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நேரே முதலாம் படிவத்திற்குச் செல்ல இயலாது. மலாய்மொழியில் தேர்ச்சி பெறுவதற்கென்று ஓராண்டு புகுமுக வகுப்பில் அமரவேண்டும். சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த மூன்று தோட்டங்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். ஆண்கள் 25 பேர், பெண்கள் 16 பேர், ஆக 41 பேர். அந்த வருகைப் பதிவேட்டின் வரிசை இன்றும் எனக்கு மனப்பாடம். பிற்காலத்தில் எத்தனையோ பதிவேடுகளை நானே எழுதியிருக்கின்றேன். அவற்றில் ஒன்றும் இதுபோல் நினைவில் நிற்கவில்லை.

அந்த 41 பேரில் 1981-இல் எஸ்.பி.எம். தேர்வு எழுதியவர்கள் 13 பேர்.

மற்ற 28 பேரும் அறிவிற் குறைந்தவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. புகுமுக வகுப்பில் எனக்கு மலாய்மொழி கற்பித்தவன் என் பக்கத்து இருக்கைத் தோழன். அவர்கள் வீடு தோட்டத்தின் எல்லையில், மலாய்க் கம்பத்தை ஒட்டி இருந்தது. கம்பத்துப் பிள்ளைகளோடு பந்தாடியே அவன் மலாய் பேசப் பழகியிருந்தான். நான்கு மைல் தூரம் நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்குச் செல்வோம். மிதிப்பது ஒருவர், பின்னால் அமர்ந்து சொற்களை ஒப்புவிப்பது மற்றவர். போகும்போது அவன் மிதித்தால் வரும்போது நான்.

புகுமுக வகுப்பும் முதலிரண்டு படிவங்களும் எங்கள் பள்ளியில் பிற்பகலில் நடைபெற்றன. ஆகவே, அவன் விடியற்காலையில் தாயாருடன் பால்மரம் வெட்டச் செல்வான். மங்குகளில் பால் சேர்த்துத் தூக்கி வந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்து, பள்ளிக்கு வந்துவிடுவான். அவன் தந்தையார் மறைந்துவிட்டிருந்தார். மூன்றாம் படிவத்தில் வகுப்பு காலை நேரத்திற்கு மாற்றப்பட்டது. படிப்பில் முன்னேறியதற்கு அடையாளமாக நாங்கள் அதனைக் கொண்டாடினோம். அவன் வீட்டிலோ அது வருமான இழப்பாக வந்து விடிந்தது. வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள் என்று அவன் பள்ளிக்கு வராமலிருந்தான். 1979-இல் எஸ்.ஆர்.பி. தேர்வில் அவனுக்குத் தேர்ச்சி கிட்டவில்லை. அக்காலத்தில் அத்தேர்வில் தவறியவர்களுக்கு நான்காம் படிவத்தின் கதவு அடைபட்டுவிடும். 1993-இல் எஸ்.ஆர்.பி.க்கு மாற்றாக பி.எம்.ஆர். வந்த பின்னர் அந்த நிலை மாறிற்று. எங்கள் தலைமுறைக்கு அந்த மாற்றம் பதினான்கு ஆண்டுகள் பிந்தி வந்தது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. 1983-இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், பட்டர்வொர்த் பேருந்து நிலையத்தில் கல்லூரி நண்பர்கள் நால்வருடன் நின்றிருந்தேன். சற்றுத் தொலைவில் என் தோழனைக் கண்டேன். தலை முதல் கால் வரை கற்தூள். தோளில் ஓர் அழுக்குத் துண்டு. கையில் தேநீர்ப் பொட்டலம். அவன் என் பக்கம் திரும்பும் முன்னர் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

2006-இல், பள்ளியை விட்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு எங்கள் முதல் ஒன்றுகூடல் நிகழ்ந்தது. ஐந்தாம் படிவக் குழுப்படத்தை வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடினோம். மலாய், சீன நண்பர்களும் வந்தனர். பட்டணத்துத் தங்கும் விடுதியில் விருந்து. ஆளுக்கு எண்பது வெள்ளி. முதல் அரை மணி நேரம் முகவரி அட்டைகள் கைமாறின. பிறகு வீடு எங்கே, கார் என்ன, பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்ற விசாரணை. நானும் என் பங்கிற்குச் சொல்லவேண்டியவற்றைச் சொன்னேன். உணவு மேசையில் ஒரு மலாய் நண்பர் என்னிடம், "உன்னோடு சைக்கிளில் வருவானே, அவன் வரவில்லையா?" என்று கேட்டார். படத்தில் அவன் இல்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை என்று எப்படி விடை கூறுவது? "எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை" என்றேன். தேடியவன் சொல்லவேண்டிய விடையைத் தேடாத நான் சொன்னேன். அதன்பின் பத்தாண்டுகள் கழிந்தன; அப்பொழுதும் தேடவில்லை.

2011 முதல் இந்த ஆலயத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களாகிய நாங்கள் ஆறாம் நாள் உபயம் ஏற்று வந்தோம். எங்கள் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்டதை நீங்கள் அறிவீர்கள். லயங்கள் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கடைவீடுகள் நிற்கின்றன. எஞ்சியிருப்பது இந்த ஆலயமும் இதனைச் சூழ்ந்த சிறு நிலமுமே. பிரிந்து சென்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து கூடும் இடமும் இதுவே.

2016-ஆம் ஆண்டுத் திருவிழாவில், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த உபயகாரர் பெயர்களை ஒரு மூதாட்டி தம் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னை அடையாளம் கண்டு, "ஐயா, நீங்க சைக்கிள்ல கூட்டிக்கிட்டுப் போவீங்களே, எம் மவன் ஒங்க வகுப்புலதானே படிச்சான்? அவன் பேரக் காணமே?" என்று கேட்டார். அந்த அம்மையாரின் குரலில் கோபம் துளியும் இல்லை. பெயர் விடுபட்டுப்போயிருக்கும் என்று எண்ணியே கேட்டார். என்னை அவர் "ஐயா" என்று அழைத்தது அதைவிட வருத்திற்று. அவர் கையால் எத்தனையோ நாள் உணவு உண்டவன் நான்.

தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொண்டேன். மூன்று நாள் அதனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் அழைத்தேன். அவன் ஜொகூர், பாசீர் கூடாங்கில் இருந்தான். கொள்கலன் லாரி ஓட்டுநர். ஒரு மணி நேரம் பேசினோம். கல்லுடைக்கும் குவாரியில் லாரி உதவியாளாகச் சேர்ந்ததையும், பினாங்குப் பாலம் கட்டப்பட்ட நாள்களில் அதற்குக் கல் ஏற்றிச் சென்றதையும் சொன்னான். 1985-இல் பாலம் திறக்கப்பட்டபோது நாம் அனைவரும் வேடிக்கை பார்க்கச் சென்றோம். அவன் அன்று வேறோர் இடத்திற்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தானாம்.

மறு ஆண்டுத் திருவிழாவிற்கு வந்தான். அதோ, அந்தத் தூணருகில்தான் அமர்ந்தோம். பேருந்து நிலையச் செய்தியை அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "நீ மட்டுமா தலையத் திருப்புன? ஒன்னப் பாத்ததும் நானுந்தான் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன்," என்றான். முப்பத்து நான்கு ஆண்டுகளாக என் குற்றம் என்று நான் சுமந்ததில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அவன் மறைந்து நின்றதற்குக் காரணம் யார் என்பதை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, கையிலிருந்த குழுப்படத்தை வைத்துவிட்டு, பழைய வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி தேடலானோம். ஆண்களைத் தேடுவது எளிதாக இருந்தது. தோழியர்களைத் தேடுவதுதான் கடினம். திருமணமாகி ஊர் மாறியவர்களைப் பழைய முகவரி கொண்டு எங்கே தேடுவது? அதற்கு உதவியவர்கள் இந்த ஆலயச் சமையற்கட்டில் காய்கறி நறுக்கும் அம்மாமார்களே. எந்தத் தோட்டத்துப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள், அங்கிருந்து எங்கே பெயர்ந்தாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கணினியிலும் அப்பதிவு இல்லை.

ஒரு தோழியைப் பட்டர்வொர்த்தில் கண்டோம். எஸ்.ஆர்.பி.க்குப் பின் பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலையில் சேர்ந்தவர். விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, படகில் கடந்து, நாள் முழுவதும் நுண்ணோக்கியின் வழியே மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தும் வேலை. அவர் சம்பளத்தில் இரண்டு தம்பிகள் படித்தனர். அவர்களுள் ஒருவர் எங்கள் 2006-ஆம் ஆண்டு விருந்திற்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்து கொடுத்தவர்! அக்காவும் எங்கள் வகுப்பே என்பது அன்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

மற்றொரு தோழி, பிறப்புப் பத்திரக் குளறுபடியால் சிவப்பு அடையாள அட்டையுடனேயே வளர்ந்தவர். இந்நாட்டிலேயே பிறந்தும், நீல அட்டை கைக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. பள்ளி நாளில் அரசாங்க வேலை பற்றி நாங்கள் கனவு கண்டு பேசும்போதெல்லாம் அவர் ஏன் எழுந்து சென்றுவிடுவார் என்பது எங்களுக்கு விளங்கியதே இல்லை. வாழ்க்கையில் வென்ற ஒரு நண்பர் இதைக் கேட்டதும், "அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார். பதின்மூன்று வயதுப் பெண் அதை யாரிடம் சொல்வாள்?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். தினக்கூலி பெற்றவர்களுக்கு வேலை நின்றது. யாருக்கு அரிசி தேவை என்று குழுவில் கேட்டால் எவரும் பதிலளிக்கமாட்டார்கள் என்பதை என் தோழன்தான் எடுத்துக் கூறினான். லாரி ஓட அனுமதியிருந்த அவன், ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, வேறு பேச்சுப் பேசி, நிலைமையை அறிந்து எனக்குத் தெரிவித்தான். கணக்கை நான் பார்த்துக்கொண்டேன். அந்தக் கணக்கேடு இன்னும் என்னிடம் உள்ளது. அதில் பெயர்கள் இல்லை, பதிவேட்டு எண்கள் மட்டுமே உள்ளன.

ஒன்றுகூடலை இப்பொழுது விடுதியில் வைப்பதில்லை. இந்த மண்டபத்தில், வாழையிலையில் உணவு. உபயத்திற்கு இயன்றவர் இயன்றதைத் தருகின்றனர், தொகை அறிவிக்கப்படுவதில்லை. இதில் எங்களுள் சிலருக்கு மனக்குறை உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. "ஐந்தாம் படிவம்" என்ற பெயரை எடுத்துவிட்டதால் மற்றத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பிறகு வந்து சேர்ந்த இருவர் வெளியாளாகிவிட்டதாக வருந்தினர். அவர்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது. அவர்கள் பெயர்களையும் சேர்த்தே அறிக்கையில் அச்சிட்டுள்ளோம்.

இன்று வரையிலான கணக்கு இது. 41 பேரில் எழுவர் மறைந்துவிட்டனர். 29 பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். அவர்களுள் 17 பேர் இன்றிரவு இங்கே இருக்கின்றனர். தோழனின் தாயாரும் முன்வரிசையில் அமர்ந்துள்ளார்கள். இவ்வாண்டு அறிக்கையைப் பேத்தி படித்துக் காட்டியதாகச் சொன்னார்கள்.

மீதம் ஐவர். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். அவர்கள் பெயர்களையும், தகப்பனார் பெயர்களையும், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தனர் என்பதையும் எழுதி மண்டப வாயிலில் ஒட்டியுள்ளோம். ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றதாகக் கேள்வி. ஒரு தோழி குளுவாங் பக்கம் மணமுடித்துச் சென்றதாக ஒரு பாட்டி சொல்கிறார். உணவருந்திய பின் ஒரு நிமிடம் நின்று அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். எவரையேனும் அறிந்திருந்தால், வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் என் தோழனிடம் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது.

சாம்பார் மணம் வந்துவிட்டது.