ஒரு பூண்டும் ஒரு சீட்டும்



அம்மான் பச்சரிசிப் பூண்டை நீங்கள் அறிவீர்கள். வீட்டு முற்றத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்ந்து கிடக்கும். கிள்ளினால் பால் வடியும். அதன் தாயகம் நம் நாடன்று, வெப்ப அமெரிக்கா. அதன் உறவுப் பூண்டு ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் உள்ள பாலைப் புல்வெளிகளில் அது தரையோடு படர்கிறது. யூஃபோர்பியா அல்போமார்ஜினேட்டா என்பது அதன் பெயர். இதன் பிற்பகுதிக்கு ‘வெள்ளை விளிம்புடையது’ என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் டோரி, ஆசா கிரே என்னும் தாவர நூலறிஞர் இருவர் இப்பெயரை இட்டனர்.

இப்பூண்டினை அறிஞர்கள் பறித்து, தாள்களிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி வைத்துள்ளனர். இத்தகைய தாள்களைக் காக்கும் இடமே ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகம். இம்முறையை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பேராசிரியர் லூகா கினி பரப்பினார். அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் காப்பகம் 1891-இல் தோன்றியது.

தாளின் ஒரு மூலையில் சிறு சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பறித்தவர் யார், பறித்த இடம் எது, நாள் எது, மண் எத்தகையது, அருகே வளர்ந்தவை எவை என்பன அதில் இருக்கும். அச்சீட்டு இல்லையேல் அச்செடி வெறும் வைக்கோல்தான்.

ஒரு சிறு பூண்டுக்கு இத்துணைக் கவனம் ஏன்? கடந்த 150 ஆண்டுகளில் அப்புல்வெளிகள் பெரிதும் மாறிவிட்டன. கால்நடைகள் மிகுதியாக மேய்ந்தன. இயற்கையாக எழும் தீ அடக்கப்பட்டது. மெஸ்கீட் என்னும் முள்மரம் புல் நிலத்தில் புகுந்தது. 1930-களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட லேமன் புல்லும் பரந்தது. முன்பு அங்கே எவை வளர்ந்தன என்பதற்கு இப்பழைய தாள்கள் நேர்ச்சான்று.

ஆயினும், சான்றை அளவறிந்து கொள்ள வேண்டும். ஓரிடத்தில் ஒரு செடி இருந்தது என்பதைத் தாள் மெய்ப்பிக்கும்; மற்றோரிடத்தில் இல்லை என்பதை அது மெய்ப்பிக்காது. பறிப்பவர்கள் பெரும்பாலும் சாலை செல்லும் இடங்களுக்கே செல்வர். அதுவும் மழைக்குப் பின், பூக்கும் பருவத்தில். ஆகவே, தாள் இல்லாத இடமெல்லாம் செடி இல்லாத இடம் என்று முடிவு செய்வது பிழை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இப்பூண்டைச் சிலர் காமசைசி என்னும் வேறு பேரினத்தில் சேர்த்தனர். மரபணு ஆய்வுகளின் பின் அது மீண்டும் யூஃபோர்பியாவில் வைக்கப்பட்டது. இவ்வாறு பெயர் மாறும்போது புதிய சீட்டை அருகே ஒட்டுவார்களேயன்றிப் பழையதைக் கிழிப்பதில்லை. முன்னவர் கருத்தும் பின்னவர் திருத்தமும் ஒரே தாளில் நிற்கும்.

பறித்தவர் எண்ணியிராத பயன்களும் உண்டு. 1987-இல் வுட்வர்ட் என்னும் ஆங்கில அறிஞர், காப்பகத்தில் இருந்த மரங்களின் பழைய இலைகளில் இலைத்துளைகளை எண்ணினார். இரு நூற்றாண்டுகளில் அவை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. காற்றில் கரியமிலவாயு பெருகியதன் தடயம் அது. நிழற்படம் எவ்வளவு தெளிவாயினும் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க இயலாது.

இச்செல்வம் எளிதில் அழியக்கூடியது. 1943 மார்ச்சில் குண்டுவீச்சால் பெர்லின் காப்பகத்தின் பெரும்பகுதி எரிந்தது. பிற நகரங்களுக்கு முன்னரே அனுப்பிய இரட்டைப் படிகளே பல செடிகளுக்குச் சான்றாய் எஞ்சின. போர் இல்லாத காலத்திலும் இடர் உண்டு. 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் கொண்ட தன் காப்பகத்தை மூடப்போவதாக அறிவித்தபோது அறிஞர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மூடுவது சில ஆண்டு வேலை. மீண்டும் சேர்ப்பதற்கோ ஒரு நூற்றாண்டும் போதாது, மறைந்துபோன செடியை எங்கே சென்று பறிப்பது?

மாணவர்களே, உங்கள் கல்லூரியிலும் உலர்செடித் தாள்கள் இருக்கலாம். ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் சீட்டைப் படியுங்கள். நீங்கள் ஒரு செடியை உலர்த்தும் நாளில், இடத்தையும் தேதியையும் அன்றே எழுதிவிடுங்கள். அதைப் படிக்கப்போகிறவர் இன்னும் பிறவாதவராக இருக்கலாம்.