கைவிரல் மூட்டு நோவு

தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்துப் பெருமாட்டியில் களை பறித்தும் தேங்காய் உரித்தும் வாழும் தமிழ்க் குடும்பத்தாரை நாம் காண்கிறோம். அறுபதைக் கடந்த அம்மையார் சிலர் கையை நீட்டினால் விரல் நுனி மூட்டுகளில் பட்டாணி போன்ற கணுக்கள் தென்படுகின்றன. இடுக்கி மலையில் தேயிலை கிள்ளும் கைகளுக்கும் இந்நோவு வருவதுண்டு. "கை போயிற்று" என்கிறார்கள். கை போகவில்லை என்பதே நாம் கூற வந்தது.

குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் ஓரத்தில் எலும்பு வளர்வதனால் உண்டாவன இக்கணுக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் ஹெபர்டன் பெயரால் வழங்குகின்றன. கணு மறையாது, நோவோ பலருக்கு நாளடைவில் தணியும். ஒன்றை மட்டும் பிரித்தறிதல் வேண்டும். காலை விறைப்பு அரைமணிக்குள் விட்டுப்போவது தேய்வின் இயல்பு. ஒரு மணிக்கு மேலும் நின்று, விரலடி முட்டிகளும் மணிக்கட்டும் வீங்கினால் அது முடக்குவாதமாயிருக்கலாம். உடனே மருத்துவரைக் காணவேண்டும்.

தேய்வுக்கு முதல் மருந்து பயிற்சியே. வெந்நீரில் கையை நனைத்தபின், விரல்களை மெல்ல மடக்கி விரித்தலும், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுதலும் நாள்தோறும் செய்யத்தக்கவை. பெருந்தொல்லை தருவது கட்டைவிரலின் அடிமூட்டு. அதனைத் தாங்கும் பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் நோவு குறையும். அரிவாளின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குவதும் நன்று. எண்ணெய் தேய்ப்பது இதமளிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை.

மருந்து வேண்டுமாயின் டைக்ளோபினாக் களிம்பு முந்தியது. மாத்திரை சில நாட்களுக்கே; வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது. பெயரறியாப் பொட்டல மாத்திரையை நாம் அஞ்சவே வேண்டும். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஆறு வாரம் கொடுத்த ஆய்வொன்று 2019-இல் வெளியாயிற்று. நோவு தணிந்தது, நிறுத்தியபின் அந்நலம் நீடிக்கவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுவின் பயன் தரவில்லை என 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இவை யாவும் உதவாதபோதே, கட்டைவிரல் அடியிலுள்ள சிற்றெலும்பை அகற்றும் அறுவை. கை பழகச் சில மாதங்களாகும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர், ஊரிலுள்ள தாய்க்கு மாத்திரை வாங்கி அனுப்புமுன், அவர் எந்த விரலால் எதைப் பிடிக்க இயலவில்லை என்று கேட்டறியுங்கள்.