மடை திறக்க ஆள் வேண்டும்



பொங்கல் மேடையில் ஏறி இவன் காட்டுப் பாதையைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்த மண்டபத்தில் பேர் மவுண்டன் ஏறாதவர் எத்தனை பேர் இருப்பீர்கள்? அக்டோபர் வந்தால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், அவர்களை ஒருநாள் வெர்னான் பக்கம் பாச்சக் சதுப்பு நிலத்துக்கு அழைத்துப் போகிறோம். மரப்பலகை நடைபாதையில் சேலை நனையாமல் ஏறக்குறைய ஒரு மைல் நடந்துவிட்டு, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாரு" என்கிறார்கள் நம் அம்மாக்கள்.

யார் வைத்திருக்கிறார்கள்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அரசாங்கம்தான் பார்த்துக்கொள்கிறது என்று நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். நிலம் அரசாங்கத்துடையது, உண்மைதான். நாம் கால் வைத்து நடக்கும் அந்த இரண்டடி அகலப் பாதையைக் காப்பாற்றி வருபவர்களோ பெரும்பாலும் ஒரு டாலர்கூடச் சம்பளம் வாங்காதவர்கள். நியூயார்க் - நியூ ஜெர்சி டிரெயில் கான்ஃபரன்ஸ் 1920-இல் தொடங்கிய அமைப்பு. இன்று 2,000 மைலுக்கும் மேற்பட்ட பாதைகளை அதன் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். அந்தப் பாச்சக் பலகைப் பாதையும் தொண்டர்கள் பல ஆண்டு சேற்றில் நின்று போட்டது, 2002-இல் முடித்தது. அதற்கு முன்பு நடந்து வந்தவர்கள் அந்தச் சதுப்பைச் சுற்றிக் கார் ஓடும் சாலையில்தான் போகவேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நம் நியூ ஜெர்சி மாநிலத்துக்குப் பெருமை. மேயின் முதல் ஜார்ஜியா வரை 14 மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் டிரெயிலை நீங்கள் அறிவீர்கள். அந்த எண்ணம் உருப்பெற்ற இடம் இங்கேதான். 1921 ஜூலையில் நெட்காங் அருகே ஹட்சன் கில்ட் பண்ணையில் பென்டன் மக்கை என்ற வனவியலாளர் நண்பர்களோடு உட்கார்ந்து பேசினார். அந்த அக்டோபரிலேயே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1923 அக்டோபர் 7-ஆம் தேதி, அந்தப் பாதையின் முதல் துண்டு பேர் மவுண்டன், ஹாரிமன் காடுகளில் திறக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ரேமண்ட் டோரி ஒரு பத்திரிகையாளர். வாரம் தவறாமல் நடைப்பயணம் பற்றி எழுதியவர், எழுதியதோடு நிற்காமல் வாசகர்களையே காட்டுக்கு அழைத்துப்போய் வேலை வாங்கியவர். 1937-இல் முழுப் பாதையும் முடிந்தது. 1968-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டுத் தேசியப் பாதையாக்கினார். சட்டம் வந்தபின் சம்பளக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்களா? இல்லை. இன்றும் சுமார் 30 தொண்டர் சங்கங்கள் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டுதான் காத்து வருகின்றன.

பேர் மவுண்டனில் நாம் ஏறும் கருங்கல் படிகளை அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள். கூட்டம் நடந்து நடந்து மலைச்சரிவே ஓடைபோலக் குழிந்துவிட்டது. 2006 வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் அதைத் திருத்தினார்கள். தேர்ந்த கல்வேலைக்காரர்களும் அவர்களிடம் வேலை பழகிய தொண்டர்களும் அந்த மலையின் பாறையையே எடுத்து, வரிசையாகத் துளையிட்டு, துளைக்குள் இரும்பு ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். நம் ஊர்க் கல்லுடைப்பவர்கள் கையாளும் அதே முறை. சில படிகளின் விளிம்பில் அந்தத் துளையின் பாதித் தடம் இன்னும் தெரிகிறது. விரலை வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் உங்களைக் கல் சுமக்கக் கூப்பிட நான் வரவில்லை. அதைவிடச் சின்ன வேலை, அதைவிட முக்கியமான வேலை.

மலைப் பாதைக்கு முதல் எதிரி மனிதனின் கால் அன்று, தண்ணீர். மழை பெய்தால் தண்ணீருக்குப் பாதையைவிட வசதியான வழி கிடையாது. அதன் மீதே ஓடி, மண்ணை அரித்து, வேரையும் கல்லையும் மேலே கொண்டுவந்துவிடும். சேறு தேங்கினால் நாம் ஓரமாகச் சுற்றி நடக்கிறோம். அடுத்தவர் நமக்கும் ஓரமாக நடக்கிறார். இரண்டடிப் பாதை இரண்டு வருஷத்தில் பத்தடிச் சேறு. அதைத் தடுக்கப் பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரக்கட்டையோ பதித்திருப்பார்கள். தண்ணீர் அதில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, சரிவில் இறங்கிப் போய்விடும். வெறும் படி என்று நினைத்து நாம் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

இலையுதிர் காலம் முடிந்ததும் அந்தத் தடுப்பின் மேல்பக்கம் போய்ப் பாருங்கள். ஓக் இலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் வண்டல் இறுகி, வாய் முழுக்க அடைத்திருக்கும். மண்வெட்டியால் முதலில் இலையை வாரவேண்டும். பிறகு அடியில் இருக்கும் கறுப்பு மண்ணை, கல்லின் முகம் தெரியும்வரை தோண்டி எடுக்கவேண்டும். எடுத்த மண்ணைப் பாதையின் கீழ்ப்பக்கம் போட்டால் நன்று, தண்ணீர் வெளியேறும் வாயில் மட்டும் போட்டுவிடக்கூடாது. கடைசியாக அந்த வாயைச் சரிவுப் பக்கம் இன்னும் நாலைந்து அடி நீட்டி வெட்டிவிட வேண்டும். இதை விட்டால் மேலே செய்த வேலை அத்தனையும் வீண். மொத்தமாகக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்தை யாரும் தராவிட்டால், அடுத்த பெருமழை கல்லையே புரட்டிப் போடும்.

இந்த வேலை நமக்குப் புதிதா, சொல்லுங்கள். நம் தாத்தாக்கள் மழைக்காலத்துக்கு முன்பே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வரத்துக்கால் தூர் எடுத்தவர்கள், கரைக்கு மண் போட்டவர்கள், மடையைச் சரிபார்த்தவர்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-இல் வெள்ளைக்கார அரசாங்கம் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் குளம் என்று நினைத்தவரை அது நடந்தது. அந்த நினைப்புக் குறைந்த இடத்தில் சட்டத்தால் தூர் எடுக்க முடியவில்லை. ஹாரிமன் காட்டில் ஒரு தடுப்பைத் தூர் எடுக்கிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி, நடுவில் காஸ்ட்கோ. எனக்கும் தெரியும். டிரெயில் கான்ஃபரன்ஸ் ஒருவரிடம் கொடுப்பது ஒன்று, இரண்டு மைல்தான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது போகவேண்டும். தண்ணீர் வழியைத் திறப்பது, பாதைமேல் சாயும் கிளைகளை வெட்டி ஒதுக்குவது, குப்பை பொறுக்குவது, மரத்தில் அடித்த வண்ணக்குறி மங்கியிருந்தால் புதுப்பிப்பது. அப்பலாச்சியன் பாதையில் அந்தக் குறி இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், வெள்ளை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். பெரிய மரம் விழுந்திருந்தால் தொடக்கூடாது, தகவல் சொன்னால் போதும். இயந்திர ரம்பம் பிடிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள்.

உண்ணிக்குப் பயப்படுகிறீர்கள். நியாயமான பயம், லைம் நோய் விளையாட்டில்லை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், உடையில் மருந்து தெளியுங்கள், வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக வரும் நச்சுப்படர்கொடியை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்குத் தொண்டு மணிக்கணக்கு வேண்டுமென்று வரும் பிள்ளைகளையும் நான் தடுக்கமாட்டேன். வரட்டும். ஆனால் ஒருநாள் ஐம்பது பேர் டீ-சர்ட் போட்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு போவதால் பாதைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நவம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, அதே துண்டுக்கு அதே ஆள் திரும்பி வந்தால், எந்தக் கல் ஆடுகிறது, எந்த ஆஷ் மரம் பட்டுப்போய் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். மரகதத் துளைப்பான் என்ற வண்டு அரித்து இந்த வட்டாரத்தில் ஆஷ் மரங்கள் வரிசையாகச் சாகின்றன. 2024 நவம்பரில் நம் மாநில எல்லையில் ஜென்னிங்ஸ் க்ரீக் காட்டுத்தீ 5,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதை அணைக்கப் போன பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் உயிரையே கொடுத்தார். எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. அங்கே ஒவ்வொரு மழைக்கும் ஆள் வேண்டும்.

இருபது, முப்பது வருஷமாக இந்த மண்ணில் இருக்கிறோம். வீடு வாங்கினோம், வரி கட்டுகிறோம், கோயில் கட்டினோம். நம் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். அந்த ஊரின் மலையில் இன்னும் விருந்தாளியாகவே நடந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு மாதத்தில் பனி உருகத் தொடங்கும். இலை துளிர்ப்பதற்கு முந்திய அந்தச் சில வாரங்கள்தான் வேலைக்கு நல்ல காலம், காடு திறந்து கிடக்கும், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். முதல் சனிக்கிழமை பயிற்சிக்கு நானும் வருகிறேன். மண்வெட்டியும் கிளைவெட்டியும் எடுத்து வருவது என் பொறுப்பு. நல்ல காலணி, கையுறை, இரண்டு பாட்டில் தண்ணீர் நீங்கள் கொண்டு வாருங்கள். பெயர் எழுதும் தாள் சாப்பாட்டுக் கூடத்து வாசலில், பாயசம் வைத்திருக்கும் மேசை மேல் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய பூங்கா எது என்றும் எழுதிவிடுங்கள். அதை வைத்துத்தான் யாருக்கு எந்தத் துண்டு என்று கேட்டு வாங்கவேண்டும்.