பெட்ரோல் வாடையும் அம்மா மூக்கும்

இந்த வாரம் கோடிங் கிடையாது. ஒரு வாடையைத் தேடிப்போன கதை.

போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினேன், 2012 மாடல். அக்கா பொண்ணைப் பின்சீட்டுல உட்கார வெச்சு, சென்னையிலேர்ந்து மங்கலம்பேட்டைக்குக் கிளம்பிட்டேன். திண்டிவனத்துல ஃபுல் டேங்க். அதுக்கப்புறம் அவ, "தலை வலிக்குது மாமா"ன்னா. வாந்தி வரப்போகுதுன்னு நினைச்சு ஜன்னலை இறக்கிவிட்டேன். அவ்வளவுதான்.

வீட்டு போர்டிகோவுல வண்டியை நிறுத்தினேன். வாசல்ல விளக்கேத்த வந்த அம்மா தீப்பெட்டியோட அப்படியே நின்னுட்டாங்க. "டேய், பெட்ரோல் வாடை அடிக்குதுடா." எனக்கு ஒண்ணும் தெரியல. பழைய வண்டி அப்படித்தான்மான்னு சொன்னேன். அவங்க பதிலே பேசாம விளக்கை உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ராத்திரிதான் உறைச்சுது. ரெண்டு மணி நேரமா அந்த வாடைக்குள்ளேயே உட்கார்ந்து வந்தவன் நான். மூக்கு சீக்கிரம் பழகிடும். வாடை இருக்கும், நமக்குத் தெரியாது. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனமானது, கீழேயே தேங்கும். இன்ஜினை உள்ளே மூடி வெச்ச பெட்ரோல் படகுகள்ல இதுக்காகவே ஒரு காத்தாடி உண்டு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு நிமிஷமாவது அதை ஓட்டி, அடியில தேங்கின ஆவியை வெளியேத்தணும். இங்க போர்டிகோ தரையில தேங்கினா? பக்கத்துலயே அம்மாவோட விளக்கு.

காலையில மெக்கானிக் அண்ணன் வந்தார். வாயில பீடி, முதல்ல அதை அணைக்க வெச்சேன். பானெட்டுக்குள்ள ஹோஸ் எல்லாம் காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு. அப்புறம் கேட்டார்: "எப்ப டேங்க் நிரப்புனீங்க தம்பி?"

நல்ல கேள்வி. பாதி பெட்ரோலைக் கேன்ல இறக்கினோம். கதவெல்லாம் திறந்து காத்தாட விட்டு, மறுபடி மூடி ஒரு மணி நேரம் வெச்சோம். மோந்து பார்க்க அம்மாவைக் கூப்பிட்டோம், எங்க மூக்கை நம்பி பிரயோஜனம் இல்லை. "இப்ப ரொம்பக் கம்மி." அப்போ ஒழுகுறது டேங்க்கோட மேல்பக்கம்.

பேட்டரி வயரைக் கழட்டிட்டுப் பின்சீட்டைத் தூக்கினோம். கீழே ஒரு மூடி, அதுக்கடியில ஃபியூயல் பம்ப். சுத்தி இருந்த புழுதி ஈரமா, சேறு மாதிரி. முன்னாடி யாரோ பம்ப் மாத்தியிருக்காங்க, பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டு. அது முறுக்கிக் கிடந்துச்சு. குழந்தை படுத்து வந்த இடத்துக்கு நேர் கீழே.

புது வளையம் போட்டாச்சு. பழைய வண்டி வெச்சிருக்கவங்க இதையும் கேட்டுக்கோங்க: இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்களோட ரப்பர் அதைத் தாங்குற மாதிரி செஞ்சது. அதுக்கு முந்தின வண்டின்னா ஹோஸ், வளையமெல்லாம் ஒரு தடவை பார்த்துடுங்க.

சாயங்காலம் அம்மா பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு நல்லா இழுத்து மோந்தாங்க. ஒண்ணும் சொல்லல. உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்துட்டு வந்தாங்க.